குழந்தையை அளக்கும் கை

(தலைமை ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவினர், ஊராட்சிச் செயலர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர் ஆகியோர் கலந்துகொண்ட கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கிராம வளர்ச்சி என்றவுடன் சாலை, பாலம், குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு என்பனவே நம் எல்லோர் நினைவிலும் முதலில் எழுகின்றன. இவை கண்ணால் காணக்கூடியவை. நாடா பிடித்து அளக்கக்கூடியவை. ஆனால் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் நாடாவுக்கு அகப்படாதது. பள்ளிக்கு வரும் குழந்தையின் உள்ளத்தையும் கற்கும் ஆற்றலையும் அறிந்து, அதற்கு இடையூறாய் இருப்பது யாது என்று ஆராய்ந்து சொல்லும் பணியே அது. அப்பணியைச் செய்பவரைப் பள்ளி உளவியலர் என்கிறோம். மனோதத்துவ நிபுணர் என்று முன்னாளில் வழங்கியதும் இத்துறையினரையே. அவர் எத்தகைய கல்வி பெற்றிருத்தல் வேண்டும், எத்தகைய திறமைகள் அவருக்கு இன்றியமையாதவை, அவர் எட்டாத ஊரில் நாம் செய்யத்தக்கது யாது என்பனவற்றை இன்று ஆராய்வோம்.

இப்பொருளை இப்போது எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இந்திய உச்ச நீதிமன்றம், மாணவி ஒருவரின் மரணம் பற்றிய வழக்கில், நாடெங்குமுள்ள கல்வி நிலையங்களுக்குச் சில நெறிமுறைகளை வகுத்தது. நூறு மாணவரோ அதற்கு மேற்பட்டவரோ பயிலும் ஒவ்வொரு நிலையமும், தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலர், சமூகப் பணியாளர் ஆகியோருள் ஒருவரையேனும் அமர்த்துதல் வேண்டும். குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் ஆகியோரின் மனநலத்தில் அவர் மெய்யாகவே பயிற்சி பெற்றவராயிருத்தல் வேண்டும். நூற்றுக்குக் குறைந்த மாணவர் உள்ள இடங்கள், வெளியிலுள்ள வல்லுநரோடு முறையான தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளுதல் வேண்டும். ஆசிரியர்க்கும் பிற பணியாளர்க்கும் ஆண்டுக்கு இருமுறையேனும் பயிற்சி அளித்தல் வேண்டும். இதற்கென்று சட்டம் இயற்றப்படும்வரை இந்நெறிமுறைகள் பொருந்தும் என்பது தீர்ப்பு.

நம் ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளுள் பெரும்பாலானவற்றில் மாணவர் எண்ணிக்கை நூற்றை எட்டுவதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆதலின் ‘வெளியிலுள்ள வல்லுநர்’ என்னும் சொல் நமக்கு மிகவும் வேண்டியதாகிறது. யார் வல்லுநர்? பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தால், அவர் கையில் நம் குழந்தையை ஒப்புவித்துவிடலாமா? இவ்வினாவுக்கு விடை காணுமுன் நமது தவறு ஒன்றை உங்கள்முன் ஒப்புக்கொள்ள விரும்புகிறோம்.

ஒரு கையொப்பம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் வேறோர் ஒன்றியத்தில் பணியாற்றினோம். பள்ளியிலிருந்து இடைநின்ற பிள்ளைகளின் பட்டியல் ஒன்று நமது மேசைக்கு வந்தது. பெயர், வயது, வகுப்பு, நின்றதற்குக் காரணம் என்று அதில் கட்டங்கள் இருந்தன. பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியின் பெயருக்கு எதிரே, ‘படிப்பில் நாட்டமின்மை, மந்த புத்தி’ என்று எழுதியிருந்தது. எழுதியவர் தீயவர் அல்லர். பட்டியலை விரைவில் அனுப்ப வேண்டும் என்னும் நெருக்கடியில் இருந்தவர். நாமும் அதே நெருக்கடியில்தான் இருந்தோம். பட்டியலின் அடியில் கையொப்பமிட்டு மேலே அனுப்பினோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஊரக வேலைத் திட்டப் பணியைப் பார்வையிட அவ்வூருக்குச் சென்றிருந்தபோது அச்சிறுமியைக் கண்டோம். ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தாள். நாம் பின்னாலிருந்து அழைத்தோம், திரும்பவில்லை. எதிரே சென்று நின்ற பிறகே நிமிர்ந்து பார்த்தாள். உடன் வந்த கிராம சுகாதாரச் செவிலியர் அவளுடைய காதைப் பார்த்தார். நெடுநாளாகச் சீழ் வடிந்து, கேட்கும் திறன் பெரிதும் குறைந்திருந்தது. மருத்துவமனையில் செய்த சோதனையும் அதையே உறுதிப்படுத்தியது. அவளுக்கு அறிவு குறைவாய் இருக்கவில்லை. வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அவளுக்கு ஆசிரியரின் குரல் எட்டவில்லை. அவ்வளவே.

அந்த ஊரில் ஐந்நூறு ரூபாய் வேலைக்குக்கூட அளவுப் புத்தகத்தில் அளவு எழுதாமல் நாம் பணம் வழங்கியதில்லை. ஒருவர் எழுதிய அளவை மற்றொருவர் சரிபார்க்காமல் ஏற்றதுமில்லை. ஆனால் ஒரு குழந்தையின் அறிவை அளந்து ஒருவர் எழுதிய இரண்டு சொற்களை, யார் அளந்தார், எதைக் கொண்டு அளந்தார் என்று கேளாமலே ஏற்றுக்கொண்டோம். இந்த வேறுபாடு அன்று முதல் நம்மை உறுத்திக்கொண்டேயிருக்கிறது. குழந்தையை அளக்கும் கைக்கு எத்தகைய பயிற்சி வேண்டும் என்பதைத் தேடிப் படிக்கத் தூண்டியதும் அதுவே.

தொழில் பிறந்த கதை

பள்ளி உளவியல் என்பது தனியொரு தொழிலாக வளர்ந்து நிலைபெற்றது பெரும்பாலும் அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆகும். 1896ஆம் ஆண்டில், பிலடெல்பியா நகரத்து ஆசிரியை ஒருவர், எழுத்துக்கூட்டிப் படிக்கவும் எழுதவும் இயலாத பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் லைட்னர் விட்மரிடம் அழைத்துச் சென்றார். விட்மர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் டாக்டர் பட்டம் பெற்றவர். அவர் அச்சிறுவனை ஆராய்ந்தபோது முதலில் புலப்பட்டது கண் பார்வையில் இருந்த குறையே. கண்ணாடி அணிவித்துத் தனிப் பாடமும் சொல்லிக் கொடுத்ததில் அவன் முன்னேற்றம் கண்டான். உலகின் முதல் உளவியல் சிகிச்சைக் கூடம் எனப் போற்றப்படுவது இவ்வாறுதான் தோன்றியது. அதன் முதற் பாடம், பிள்ளைக்குப் படிப்பு வரவில்லையென்றால் முதலில் அதன் கண்ணையும் காதையும் பார் என்பதேயாகும். ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அப்பாடத்தைக் கற்றிருக்கவில்லை என்பதை எண்ணி வருந்துகிறோம்.

அடுத்து, பிரான்சு தேசத்தில் 1905ஆம் ஆண்டில் ஆல்பிரெட் பினே என்பவரும் தியோடர் சைமன் என்பவரும் சேர்ந்து ஓர் அறிவுச் சோதனையை வகுத்தனர். சாதாரண வகுப்பில் பயில இயலாமல் தனி உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். அறிவு என்பது மாறாத அளவுடையது என்னும் கொள்கையைப் பினே ஏற்கவில்லை; பயிற்சியால் அதை வளர்க்கலாம் என்றே வற்புறுத்தினார். ஆனால் அச்சோதனை கடல் கடந்து அமெரிக்கா சென்றபின், பலர் கையில் உதவி செய்யும் கருவியாக இராமல் முத்திரை குத்தும் கருவியாக மாறியது.

1915ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலக் கல்வி வாரியம் ஆர்னால்டு கெசல் என்பவரைப் பள்ளி உளவியலர் என்னும் பெயரிலேயே பணியில் அமர்த்தியது. அப்பெயரோடு பதவி ஏற்றவருள் முதல்வர் இவரே என்பர். உளவியலில் டாக்டர் பட்டமும் மருத்துவப் பட்டமும் பெற்றிருந்த அவர், நகரப் பள்ளிகளுக்கு மட்டுமன்றிக் கிராமப் பள்ளிகளுக்கும் சென்று பிள்ளைகளைப் பார்த்தார். இத்தொழில் தோன்றிய காலத்திலேயே கிராமப் பள்ளியின் வாயிலை மிதித்தது என்பதை இங்கு நினைவூட்டுகிறோம்.

அளவு தவறினால்

பயிற்சியும் பொறுப்புணர்வும் இல்லாத இடத்தில் சோதனை என்ன தீங்கு செய்யும் என்பதற்குக் கலிபோர்னியா மாநிலத்து வழக்குகள் இரண்டு சான்று பகரும். முதலாவது, 1970ஆம் ஆண்டில் முடிவுற்ற டயானா வழக்கு. மெக்சிகோ வழிவந்த பிள்ளைகள் ஒன்பது பேர். வீட்டில் ஸ்பானிய மொழி பேசுவோர். அவர்களுக்கு ஆங்கிலத்தில் சோதனை நடத்தி, அறிவு வளர்ச்சி குன்றியோர் வகுப்பில் சேர்த்துவிட்டனர். அவர்களுடைய தாய்மொழியிலேயே மீண்டும் சோதித்தபோது, பெரும்பாலோர் அவ்வகுப்புக்கு உரியவரே அல்லர் என்பது தெரிந்தது. பிள்ளையின் வீட்டு மொழியில் சோதித்தல் வேண்டும் என்னும் உடன்பாட்டோடு அவ்வழக்கு முடிந்தது.

இரண்டாவது, லாரி பி. வழக்கு. சான் பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் மாணவர் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அறிவு வளர்ச்சி குன்றியோர் வகுப்புகளிலோ பாதிக்கு மேல் அவர்களே. 1979ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த நீதிபதி ராபர்ட் பெக்கம், கறுப்பினப் பிள்ளைகளை அவ்வகுப்புகளில் சேர்ப்பதற்கு அறிவு ஈவுச் சோதனையைப் பயன்படுத்துவதைத் தடை செய்தார்.

இவ்விரு வழக்குகளிலும் சோதனை நடத்தியவர்கள் எழுத்தறிவற்றவர்கள் அல்லர். கையில் அச்சிட்ட வினாத்தாளும் எண்ணும் வைத்திருந்தவர்கள். ஆயினும் அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த குழந்தையின் மொழியையும், வீட்டையும், வாழ்க்கையையும் எடைபோடும் பயிற்சி அவர்களுக்கு இருந்ததில்லை. அல்லது இருந்தும் பயன்படவில்லை. இவ்விரு வழக்குகளுக்கும் இடைப்பட்ட 1975ஆம் ஆண்டில் அந்நாட்டு மக்களவையும் செனட்டும் ஊனமுற்ற பிள்ளைகள் அனைவர்க்கும் கல்வி வழங்கும் சட்டத்தை இயற்றின. ஒரே ஒரு சோதனையைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. பல துறையினர் சேர்ந்து ஆராய்தல் வேண்டும். பிள்ளை அறிந்த மொழியில் சோதித்தல் வேண்டும். பெற்றோரைக் கலந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுதுதல் வேண்டும் என்பன அச்சட்டத்தின் சாரம். அதன் பின்னர்ப் பள்ளி உளவியலரின் தேவையும் எண்ணிக்கையும் பெருகின.

டாக்டர் பட்டமும் பயிற்சி மணிகளும்

இனி, அவர்களுடைய பயிற்சியை நோக்குவோம். 1954ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நியூயார்க் மாநிலத்து வெஸ்ட் பாயின்ட் என்னும் இடத்தில் தேயர் மாநாடு கூடியது. பள்ளி உளவியலர்க்கு என்ன கல்வி வேண்டும் என்பதை ஆராய்ந்த அம்மாநாடு இரண்டு படிகளைப் பரிந்துரைத்தது. டாக்டர் பட்டம் பெற்று முழுப் பொறுப்போடு பணி செய்வோர் மேற்படி. சோதனை நடத்துதல் போன்ற வரையறுத்த பணிகளை மேற்பார்வையில் செய்வோர் கீழ்ப்படி. அன்று தொடங்கிய இரு படி முறை வடிவம் மாறி இன்றும் நீடிக்கிறது. டாக்டர் பட்டம் இல்லாதவரை உளவியலர் என்று அழைக்கலாகாது என்பது அமெரிக்க உளவியல் சங்கத்தின் கொள்கை. பள்ளிகளுக்கு மட்டும் அதில் விலக்கு நிலவுகிறது. 1969இல் தோன்றிய பள்ளி உளவியலர் தேசிய சங்கம், முதுகலைக்கு மேற்பட்ட சிறப்புப் பட்டமே பள்ளிப் பணிக்குப் போதும் என்கிறது. பள்ளிகளில் பணி செய்வோருள் பெரும்பாலோர் இச்சிறப்புப் பட்டம் பெற்றவரே.

சிறப்புப் பட்டத்துக்குக் குறைந்தது 60 பாட அலகுகளும், 1,200 மணி நேரப் பயிற்சிப் பணியும் வேண்டும் என்பது அச்சங்கத்தின் வரையறை. டாக்டர் பட்டத்துக்குக் குறைந்தது 90 பாட அலகுகளும், 1,500 மணி நேரப் பயிற்சிப் பணியும் வேண்டும். இரு வகையிலும் 600 மணி நேரமாவது பள்ளியிலேயே கழிதல் வேண்டும். இப்பயிற்சிப் பணி எல்லாப் பாடங்களும் முடிந்தபின் வருவது. அதற்கு முன்னரே படிக்கும் காலத்திலும் களப் பயிற்சி உண்டு.

மாணவர் படிப்பன யாவை? குழந்தை வளரும் முறை, கற்கும் முறை, மூளையின் செயல், மனநோய்களின் இயல்பு, புள்ளியியல், சோதனைகளை அமைக்கும் முறையும் அவற்றின் குறைகளும், வகுப்பறை நடத்தை, ஆலோசனை கூறும் முறை, சட்டம், தொழில் ஒழுக்கம் ஆகியவை. டாக்டர் பட்டம் பெறுவோர் இவற்றோடு தாமே ஒரு கேள்வியை எழுப்பி, ஆண்டுக்கணக்கில் தரவு திரட்டி, ஆய்வேடு எழுதி, அறிஞர் முன் அதை நிலைநாட்டுதல் வேண்டும். இதனால் ஆகும் பயன் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சோதனையின் எண்ணை அப்படியே நம்பாமல், இந்த எண் எப்படி வந்தது, எந்தப் பிள்ளைகளைக் கொண்டு இதை அமைத்தனர், நம் பிள்ளைக்கு இது பொருந்துமா என்று ஐயுறும் பழக்கம் ஆய்வினால் உண்டாகிறது. புதிய திட்டம் ஒன்று பயன் தந்ததா இல்லையா என்று மெய்யாக அளந்து சொல்லவும், பிறரைப் பயிற்றவும், மேற்பார்வை செய்யவும் அப்பழக்கம் உதவுகிறது.

இங்கிலாந்து தேசம் வேறொரு வழியில் சென்றது. அங்கே இவர்களைக் கல்வி உளவியலர் என்பர். முன்னர் ஆசிரியப் பணியில் அனுபவம் பெற்று ஓராண்டு முதுகலைப் பயிற்சி முடித்தோரே இப்பணிக்கு வந்தனர். 2006ஆம் ஆண்டு முதல் மூன்றாண்டு டாக்டர் பட்டமே நுழைவாயில் ஆயிற்று. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் மாணவர் பெரும்பாலான நாட்களை உள்ளாட்சி நிறுவனங்களின் உளவியல் பணியகங்களில் கழிக்கின்றனர். அரசு செலவில் பயின்றவர் பயிற்சி முடித்தபின் குறிப்பிட்ட காலம் உள்ளாட்சியில் பணியாற்ற வேண்டும் என்னும் நிபந்தனையும் உண்டு. 2009ஆம் ஆண்டு முதல் கல்வி உளவியலர் என்னும் பெயரைப் பதிவு பெறாதோர் பயன்படுத்துவது சட்டப்படி குற்றமாகும். உள்ளாட்சியில் பணிபுரியும் நமக்கு இச்செய்தி சிந்தனைக்குரியது.

பட்டத்துக்கு அப்பாற்பட்ட திறமைகள்

பட்டம் என்பது வாயில், திறமையே வீடு. நல்ல பள்ளி உளவியலர் ஒருவரிடம் காணவேண்டிய திறமைகளைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, கவனித்தல். அறைக்குள் அழைத்து வினாக் கேட்பதற்கு முன், வகுப்பிலும் விளையாட்டிடத்திலும் உணவு வேளையிலும் பிள்ளையைப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, பலரிடமும் கேட்டறிதல். தாய் சொல்வது ஒன்று, ஆசிரியர் சொல்வது ஒன்று, பிள்ளை சொல்வது வேறொன்று. மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

மூன்றாவது, ஆசிரியர்க்குத் துணையாதல். இத்தொழிலில் இதை மிக உயர்ந்த திறமை என்பர். ஒரு பிள்ளையைத் தனியே அழைத்துச் சரிசெய்தால் ஒரு பிள்ளைக்கே பயன். ஆசிரியரோடு அமர்ந்து அவருடைய வகுப்பை நடத்தும் முறையில் ஒரு மாற்றத்தைக் கண்டால் முப்பது பிள்ளைகளுக்குப் பயன்.

நான்காவது, விளங்கும்படி எழுதுதல். பெற்றோர் படித்துப் புரிந்துகொள்ள இயலாத அறிக்கையால் பிள்ளைக்கு என்ன நன்மை? அறிக்கையின் முடிவு ஒரு நோயின் பெயராக நின்றுவிடாமல், திங்கட்கிழமை காலையில் வகுப்பில் செய்ய வேண்டுவது யாது என்பதைக் கூறுதல் வேண்டும்.

ஐந்தாவது, இரகசியம் காத்தல். பிள்ளை நம்பிச் சொன்னதைத் தேநீர்க் கடையில் கேட்க நேர்ந்தால், அதன் பின் அவ்வூரில் எந்தப் பிள்ளையும் வாய் திறவாது. பிள்ளையின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் மட்டும் உரியவரிடம் உடனே கூறுதல் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே எல்லை எது என்பதை அறிவதே தொழில் ஒழுக்கத்தின் கடினமான பகுதி.

ஆறாவது, தம் எல்லையை அறிதல். இது நமக்குத் தெரியாது, மருத்துவரிடம் செல்லுங்கள் என்று சொல்லும் துணிவு நெடிய பயிற்சியின் கனியாகும். அரைகுறையாகக் கற்றவர்க்கே எல்லாம் தெரிந்திருக்கும்.

இத்திறமைகள் எவையும் நூலைப் படித்து மட்டும் வருவன அல்ல. மூத்தவர் ஒருவர் அருகிலிருந்து பார்க்க, தவறு செய்து, திருத்தப்பெற்று, மீண்டும் செய்து வருவனவாகும். அந்த 1,200 மணிக்கும் 1,500 மணிக்கும் பொருள் இதுவே. இளம் பொறியாளர் எழுதிய அளவை மேற்பொறியாளர் சரிபார்ப்பதுபோல, பயிற்சியாளர் எழுதிய ஒவ்வோர் அறிக்கையையும் மேற்பார்வையாளர் பார்க்கிறார். பாலத்துக்கு நாம் கடைப்பிடிக்கும் முறையைத்தான் அவர்கள் குழந்தைக்கும் கடைப்பிடிக்கிறார்கள்.

நாம் செய்யத்தக்கவை

அவ்வளவு பயின்றவர் நம் ஊருக்கு எப்போது வருவார் என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஐந்நூறு மாணவர்க்கு ஒரு பள்ளி உளவியலர் வேண்டும் என்று அமெரிக்கச் சங்கம் பரிந்துரைக்கிறது. அச்செல்வ நாட்டிலேயே அண்மை ஆண்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்க்கு ஒருவர் என்னும் நிலையே உள்ளது. அங்கும் கிராமப்புறங்களே மிகவும் பின்தங்கியவை. ஆகவே வல்லுநர் வரட்டும் என்று கைகட்டி இருப்பதும் தவறு. வல்லுநர் இல்லையே என்று கிடைத்தவரை அமர்த்துவதும் தவறு. இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. நம் நாட்டில் ஏற்கெனவே உள்ள ஏற்பாடுகளை ஒன்றோடொன்று இணைப்பதே அது.

1. கண்ணும் காதும் முதலில். படிப்பில் பின்தங்கிய எந்தப் பிள்ளையையும் பற்றி வேறு முடிவு எதுவும் எழுதுமுன், பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் பார்வையும் செவியும் சோதித்தாயிற்றா என்று பார்த்தல் வேண்டும். அக்குழு வரும் நாளில் அப்பிள்ளை பள்ளிக்கு வரவில்லையென்றால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழு ஏற்கட்டும்.

2. முத்திரை வேண்டா, நிகழ்ந்ததை எழுதுக. மந்தம், மக்கு, நாட்டமின்மை என்னும் சொற்களை எந்தப் பட்டியலிலும் எழுதாதீர்கள். ‘கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதுகையில் எழுத்துகளை விட்டுவிடுகிறாள், வாய்மொழியாகக் கேட்டால் சரியாகச் சொல்கிறாள்’ என்று கண்டதை எழுதுங்கள். வல்லுநரிடம் செல்லும்போது இந்த இரண்டு வரிகள் பெரிதும் பயன்படும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. எழுதுவதிலும் படிப்பதிலும் கணக்கிலும் வரும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அவற்றுள் ஒன்று. சோம்பல் என்று நாம் கருதுவது சட்டம் ஏற்ற உரிமைக்கு உரியதாய் இருக்கக்கூடும்.

3. தொடர்பு ஏடு ஒன்று. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர், மாவட்ட மனநலத் திட்டத்தினர் ஆகியோரின் தொலைபேசி எண்களை ஒவ்வொரு பள்ளியிலும் ஒரே ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். எந்தப் பிள்ளையை எந்த நாளில் யாரிடம் அனுப்பினோம், என்ன ஆயிற்று என்பதையும் அதில் குறித்தல் வேண்டும். ஏடு தலைமை ஆசிரியரின் பூட்டுக்குள் இருக்கட்டும். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணும், 14416 என்னும் மனநல உதவி எண்ணும் பிள்ளைகள் பார்க்கும் சுவரில் இருக்கட்டும்.

4. தகுதியைக் கேளுங்கள். ஆலோசகர் என்று ஒருவர் வந்தால் நான்கு கேள்விகளைக் கேட்கத் தயங்காதீர்கள். எங்கே பயின்றீர்கள்? குழந்தைகளோடு எத்தனை காலம் மேற்பார்வையில் பணி செய்தீர்கள்? 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற வேண்டிய பணியாயின், உங்கள் பதிவு எண் என்ன? நீங்கள் நடத்தும் சோதனை தமிழ்ப் பிள்ளைகளுக்கென அமைந்ததா, அன்றி ஆங்கிலத்திலிருந்து பெயர்த்ததா? தகுதியுடையவர் இக்கேள்விகளால் வருந்தமாட்டார், மகிழ்வார்.

5. அடிப்பது தீர்வு அன்று. உடலை வருத்துவதையும் உள்ளத்தைத் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே தடை செய்துள்ளது. காது கேளாத பிள்ளையை அடித்தால் காது கேட்டுவிடாது.

6. நம் பிள்ளைகளே நாளைய வல்லுநர். உளவியலில் பட்டம் பெற்ற இளைஞரும் யுவதிகளும் இன்று நம் கிராமங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டி, முறையான மேற்பட்டப் பயிற்சிக்கு அனுப்ப முயல்வோம். நம் பேச்சும், நம் குடும்ப வழக்கமும், மழை தவறினால் வீட்டில் நிகழ்வது என்ன என்பதும் அறிந்த ஒருவர், நெடும் பயிற்சியும் பெற்றுத் திரும்பி வந்தால், கலிபோர்னியாவில் நேர்ந்த தவறு இங்கே நேராது.

காலை உணவு சமைக்கும் தாய்மார்களுக்கு ஒரு சொல். எந்தப் பிள்ளை உண்ணாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறது, எது தனியே ஒதுங்கி அமர்கிறது, எது நேற்றுவரை சிரித்துப் பேசி இன்று பேசாமலிருக்கிறது என்பதை முதலில் காண்பவர்கள் நீங்களே. அதை ஆசிரியரிடம் சொல்லுங்கள். கவனித்தல் என்னும் முதல் திறமை உங்களிடம் ஏற்கெனவே உள்ளது.

நாம் தொடக்கத்தில் கூறிய சிறுமியைப் பற்றி அறிய விரும்புவீர்கள். காதுக்குச் சிகிச்சை நடந்தது; கேட்கும் கருவியும் கிடைத்தது. மீண்டும் பள்ளியில் சேர்ந்தாள். ஆனால் இரண்டு ஆண்டுகள் போயின. தன்னைவிட இளையோரோடு அமர்ந்து படிக்க வேண்டியதாயிற்று. ‘மந்தம்’ என்னும் பெயர் அவளை விட்டு நீங்க அதைவிடக் காலம் ஆயிற்று. அந்த இரண்டு ஆண்டுகளை எந்தத் திட்ட நிதியிலிருந்தும் நம்மால் திருப்பிக் கொடுக்க இயலவில்லை.

இடைநின்ற பிள்ளைகளின் பட்டியல் இந்த ஆண்டும் நமது மேசைக்கு வரும். காரணம் என்னும் கட்டத்தில், பிள்ளையின் கண்ணும் காதும் சோதித்த நாளும், அப்பிள்ளையைப் பார்த்த வல்லுநரின் பெயரும் இல்லாத பட்டியலில் நாம் கையொப்பமிடப் போவதில்லை. திருப்பி அனுப்புவோம். காலதாமதம் ஆகிறதே என்று மேலிடத்திலிருந்து கேட்டால், அதற்கு விடை சொல்லும் பொறுப்பு நம்முடையது. பட்டியலை நிரப்பும் பொறுப்பு உங்களுடையது. அவசரம் வேண்டா, சரியாக இருக்கட்டும்.